நாலில் ஒரு பங்கு

எங்கள் வரிசையில் எட்டு ஷெட்டுகள். எல்லாம் அரசாங்கம் சிறு தொழிலுக்கென்று கட்டிக் கொடுத்தவை. ஒரே அளவு, ஒரே தகரக் கூரை, மழை வந்தால் ஒரே மாதிரி ஒழுகும். ஏழாவதில் நான் லேத் போட்டிருக்கிறேன். எட்டாவது அக்காவுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்கும் சக்கரம் செய்கிற பட்டறை. அந்தச் சக்கரங்களின் நடுவில் போகும் அச்சை என் லேத்தில்தான் கடைந்து கொடுப்பேன்.

அக்கா பிறவித் தொழில்காரர் இல்லை. பதினோரு வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர். அங்கே இருந்த நாற்பது ஸ்ட்ரெச்சரில் எதன் கைப்பிடியைத் தொட்டாலும், முன்னால் இடது பக்கச் சக்கரம் கெட்டிருக்கிறதா, பின்னால் வலது பக்கம் கெட்டிருக்கிறதா என்று பார்க்காமலே சொல்வாராம். ஒருநாள் லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் சக்கரம் சிக்கி வண்டி குலுங்கியது. மேலே படுத்திருந்த பெண்ணுக்கு ஏற்கெனவே இடுப்பெலும்பு முறிவு. அவள் கத்திய கத்தலைக் கேட்ட பிறகு, டியூட்டி முடிந்ததும் அக்கா அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பேரிங்குக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் வளையம் இருந்தது. "இதை ஒருத்தன் செஞ்சு, ஒருத்தன் வித்து, ஒருத்தன் நல்லாருக்குன்னு கையெழுத்தும் போட்டிருக்கான்" என்று அதைப் பற்றி இப்போதும் சொல்வார்.

பட்டறை வைக்கக் கடன் கேட்டுத் தொழில் மையத்துக்குப் போனபோது மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். "இது எந்த விதியில சார் இருக்கு?" என்று அக்கா கேட்டார். குமாஸ்தாவுக்குக் கோபம். சிறு தொழில் கொள்கையும் அதன் விதிகளும் அச்சடித்த தடித்த புத்தகம் ஒன்றை மேசைமேல் தூக்கிப் போட்டு, "நீயே படிச்சுக்கோம்மா" என்றார். ஆளை விரட்டுவதற்காகக் கொடுத்த புத்தகம். அக்கா அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்தாம் வகுப்புப் படித்தவர். புரியாத வார்த்தையை ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் இருந்தவரிடம் கேட்டுக் கேட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் ஐந்து பக்கம். இருநூற்றுச் சொச்சம் பக்கம் நாற்பது நாளில் முடிந்தது. நாற்பத்தோராம் நாள் குமாஸ்தாவின் முன்னால் போய் நின்று, "இவ்வளவு சின்னக் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேக்கக் கூடாதுன்னு அறுபத்து மூணாம் பக்கத்துல போட்டிருக்கு சார்" என்றார். கடன் கிடைத்தது. கூடவே 'கெஜட் அக்கா' என்ற பட்டமும் கிடைத்தது. வைத்தது அந்தக் குமாஸ்தாதான்.

அரசாங்கக் கொள்கை என்பது எங்கள் வரிசைக்கு நிலா மாதிரி. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து யாரும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. அமைச்சர் அறிவிப்பார், பேப்பரில் படம் வரும், நாங்கள் அந்தப் பேப்பரில் கிரீஸ் துடைப்போம். அக்கா மட்டும்தான் துடைப்பதற்கு முன்னால் படிப்பவர்.

இது நடந்தது அவர் பட்டறை வைத்த ஆறாவது வருஷம். தனியார் ஆஸ்பத்திரிகள் எல்லாம் வெளிநாட்டுச் சக்கரத்துக்கு மாறிவிட்டன. எட்டாவது ஷெட்டில் அக்காவோடு அவர் நாத்தனாரும் இன்னும் நான்கு பேரும் வேலை பார்த்தார்கள். சக்கரத்துக்கு ரப்பர் வார்க்கும் பிரஸ் வாரத்தில் இரண்டு நாள்தான் ஓடியது. "மூணு மாசம் தாங்கும். அதுக்குமேல ஷெட்டைத் திருப்பிக் குடுத்துட வேண்டியதுதான்" என்று நாத்தனார் என்னிடம் சொன்னார். அக்காவிடம் இதைச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. அக்காவுக்கு இது தெரியாமலும் இல்லை.

அப்போதுதான் அந்த டெண்டர் வந்தது. பன்னிரண்டு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு சக்கரம். அரசாங்கம் வாங்கும் பொருளில் நாலில் ஒரு பங்கைச் சிறு பட்டறைகளிடம்தான் வாங்க வேண்டும் என்று கொள்கையில் ஒரு வரி உண்டு. அப்படியென்றால் இரண்டாயிரத்து நானூறு. ஒரே நிபந்தனை, அரசு சோதனை மையத்தில் சக்கரம் பாஸாகி, அந்தச் சான்றிதழ் கடைசித் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"அண்ணி, ரெண்டு ஷிப்ட் போட்டா மொத்தத்தையும் நாமளே அடிச்சிடலாம்" என்றார் நாத்தனார். எனக்கே கை பரபரத்தது.

அந்தப் பரபரப்பில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

எங்கள் வரிசையில் ஒரு பழக்கம். சாம்பிள் என்றால் தனிக் கவனம். போட்டோ எடுக்கப் போகும் குழந்தைக்குப் பவுடர் போடுவதுபோல, சாம்பிளாகப் போகும் உருப்படியை இன்னொரு முறை துடைத்து, பளபளப்பாக்கித்தான் அனுப்புவோம். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கை தானாகச் செய்யும். சோதனைக்குப் போக வேண்டிய நான்கு அச்சுகளையும் நான் லேத்தில் மாட்டி, உப்புத்தாள் பிடித்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுக்கினேன். அக்காவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் தபால் வந்தது. இரண்டே வரி. அச்சின் விட்டம் அளவுக்குக் குறைவு. மாதிரி நிராகரிக்கப்பட்டது.

அக்கா கடிதத்தை எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். பெட்டியிலிருந்து வழக்கமான அச்சுகள் நான்கை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தார். நாலும் சரியாக இருந்தன. என்னைப் பார்த்தார்.

"சாம்பிளுக்கு மட்டும் என்ன தம்பி பண்ணினே?"

"கொஞ்சம் பாலீஷ் போட்டேன்க்கா."

"எவ்வளவு?"

"மூஞ்சி தெரியற அளவுக்கு."

"தெரிஞ்சுது" என்றார் அக்கா. "அவங்க உன் மூஞ்சியத்தான் பார்த்திருக்காங்க. சக்கரத்தப் பார்க்கவே இல்ல."

திட்டியிருந்தால் தேவலை. ஒரு தலைமுடியில் பாதி கனம்கூட இருக்காது நான் தேய்த்தது. அதில் ஆறு பேர் சாப்பாடு போயிற்று என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசித் தேதிக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. மறுபடி வரிசையில் நின்று புது மாதிரி கொடுத்தால் முறை வரவே ஒரு மாதம் ஆகும்.

நாத்தனார் வாசலில் நின்றபடியே, "அண்ணி, லேத்துக்காரருக்குக் கை அரிச்சா சொறிஞ்சுக்கச் சொல்லுங்க. அச்சைச் சொறிய வேண்டாம்" என்றார். அந்த நேரத்திலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மறுநாள் காலை அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு சோதனை மையத்துக்குப் பஸ் ஏறினார். நான்கு மணி நேரப் பயணம். மடியில் அந்தத் தடித்த புத்தகம், நடுவில் ஒரு பஸ் டிக்கெட் அடையாளமாக. வழியெல்லாம் மனப்பாடம் செய்கிறார் என்று உதடு அசைவதிலிருந்து தெரிந்தது.

சோதனை அதிகாரி ஐம்பது வயதுக்கு மேலிருப்பார். மெலிந்த ஆள், சட்டைப் பையில் மூன்று பேனா. "நிராகரிச்சாச்சும்மா. புதுசா விண்ணப்பம் போடுங்க" என்றார், தலையைத் தூக்காமலே.

"மாதிரி நிராகரிக்கப்பட்டா, பட்டறைக்காரர் கேட்டா, மையமே நேர்ல வந்து குவியல்லேருந்து மாதிரி எடுத்து மறுசோதனை செய்யணும். ஏழு வேலை நாளுக்குள்ள. நூத்துப் பதினெட்டாம் பக்கம் சார்."

அவர் தலையைத் தூக்கினார். "அப்படி ஒரு விதியே கிடையாதும்மா. இருபத்திரெண்டு வருஷமா நான் இங்கதான் இருக்கேன்."

அக்கா புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடி முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு எழுந்து போய், அலமாரியிலிருந்து அவருடைய சொந்தப் பிரதியை எடுத்து வந்து அதே பக்கத்தைப் பிரித்தார். அந்தப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்திலிருந்து வந்த நாளிலிருந்து பிரிக்கப்படாத பக்கம். விரலால் மெல்லப் பிரித்தார்.

"இருக்கு" என்றார். வெட்கமா ஆச்சரியமா என்று சொல்ல முடியாத குரல். "இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்லம்மா."

"கேக்கணும்னு யாரும் எங்ககிட்ட சொன்னதில்ல சார்."

அவர் வந்தார். சொன்ன தேதிக்கு, சொன்ன நேரத்துக்கு, ஒரு பிளாஸ்டிக் பையும் அரக்கு முத்திரையும் எடுத்துக்கொண்டு எட்டாவது ஷெட்டில் வந்து நின்றார். எட்டு ஷெட்டும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. மூலையில் முடிந்த சக்கரங்கள் முந்நூறு குவிந்து கிடந்தன. நாத்தனார் முன்பே நல்லதாகப் பார்த்துப் பத்து எடுத்து மேலே அடுக்கியிருந்தார். அக்கா அவற்றைக் குவியலுக்குள் தள்ளிவிட்டு, அகப்பையால் சாம்பார் கிளறுவதுபோல் ஒரு குழாயால் மொத்தக் குவியலையும் கிளறினார்.

"அண்ணி!" என்று பல்லைக் கடித்தார் நாத்தனார்.

"ஆஸ்பத்திரியில நோயாளிக்கு எந்தச் சக்கரம் வருமோ, சாருக்கும் அதுதான் வரணும்."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கை விட்டு ஆறு எடுத்தார். நான்கு ஓடுவதற்கு, இரண்டு கைவசம்.

சக்கரம் ஓடுவதைப் பார்க்க அக்காவும் நானும் மறுபடி மையத்துக்குப் போனோம். அந்தச் சோதனைக் கூடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரி வார்டு அளவு நீளம். இரண்டு பக்கமும் துணி போர்த்திய எந்திரங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்க ஒன்று, கயிற்றை இழுத்துப் பார்க்க ஒன்று, பூட்டை லட்சம் முறை திறந்து மூட ஒன்று. அதிகாரி ஒவ்வொரு துணியாக விலக்கிக் காட்டினார். என் லேத்தைவிட வயதில் பெரியவையும் இருந்தன, நேற்றுப் பெட்டி பிரித்தது போன்றவையும் இருந்தன. இருபது வருஷமாகத் தொழில் செய்கிறேன். இப்படி ஒரு இடம் எனக்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியாமலே அச்சுக் கடைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"இதெல்லாம் யாருக்குக்கா?" என்று காதோடு கேட்டேன்.

"வாசல்ல எழுதியிருக்கே, பார்க்கலையா? சிறு தொழில்களுக்கான சோதனை மையம். நமக்குத்தான்."

பட்டறைக்காரர்கள் தங்குவதற்கென்று ஒரு அறையும் விதியில் இருந்தது. அதைத் திறந்தால் உடைந்த நாற்காலிகள் கூரை வரை. அதிகாரியும் நானும் சேர்ந்து காலி செய்தோம். அக்கா அதில் தங்கினார். எனக்கு வராந்தா.

சக்கரம் ஓடும் எந்திரம் கடைசியில் இருந்தது. ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு இரும்பு உருளை. அதன்மேல் வாசற்படி போலப் புடைத்த கம்பிகள் போல்ட்டால் பொருத்தியிருந்தன. நான்கு இரும்புக் கைகள் நான்கு சக்கரங்களையும் உருளைமேல் அழுத்திப் பிடித்தன. ஒவ்வொன்றின்மேலும் ஒரு தடித்த ஆளின் எடை. உருளை சுற்றச் சுற்றச் சக்கரங்கள் கம்பிகளில் ஏறி இறங்கும். எண்பதாயிரம் சுற்று. இரவு பகல் நிற்காமல் மூன்று நாள். நாலில் ஒன்று விழுந்தாலும் நாலும் விழுந்ததாகக் கணக்கு.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு ஆரம்பித்தது. கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

அக்கா எந்திரத்துக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் எண் காட்டும் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தார். பதினோரு வருஷத்தில் எத்தனை ஆயிரம் வாசற்படி ஏற்றி இறக்கியிருப்பார். அது அத்தனையும் திரும்ப அவர் காது வழியாகப் போய்க்கொண்டிருந்தது. தடக், தடக், தடக், தடக். எனக்குத் தூக்கம் வந்தது. அவருக்கு வரவில்லை.

செவ்வாய் மதியம், எண் முப்பதாயிரத்தைத் தாண்டும்போது, அக்கா கண்ணைத் திறந்தார்.

"சார், மூணாவது கையில வேற சத்தம் வருது."

அதிகாரி வந்து கடிகாரம் போலிருந்த அளவுகளைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கும்மா."

"சக்கரம் சரியாத்தான் இருக்கு. கீழ இருக்கற உருளைதான் சரியில்ல. அது ஏறும்போது வர்ற சத்தமில்ல. எதையோ வெட்டற சத்தம்."

எனக்கு ஒரு வித்தியாசமும் கேட்கவில்லை. லேத்துக்காரன், இரும்புச் சத்தத்திலேயே வளர்ந்தவன். அதிகாரிக்கும் கேட்கவில்லை. அவர் விரல்விட்டு மணிக்கணக்குப் போட்டார்.

"நிறுத்திப் பார்க்கலாம். ஆனா நிறுத்தினா பூஜ்யத்துலேருந்துதான் ஓட்டணும், அது விதி. இப்ப நிறுத்தினா வெள்ளிக்கிழமை மூணு மணி ஆயிடும். நடுவுல கரண்ட் போச்சுன்னா அவ்வளவுதான். நிறுத்தாம விட்டா நாளான்னைக்குக் காலைல முடிஞ்சிடும். ஒருவேளை உங்க சக்கரம் தாங்கிக்கும்."

நான் அக்காவின் முழங்கையைத் தொட்டேன். வேண்டாம் என்று சொல்லத்தான். இவ்வளவு தூரம் வந்தாயிற்று. இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் தப்பினால். இன்னொரு முறை பூஜ்யத்திலிருந்து பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

"நிறுத்துங்க சார்" என்றார் அக்கா.

உருளை நின்றது. அதிகாரி மூன்றாவது கையைத் தூக்கிவிட்டு, டார்ச் அடித்து, கம்பிமேல் விரலை ஓட்டினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். விரல் நுனியில் ரத்தம். ஒரு போல்ட் தளர்ந்து, கம்பியின் ஒரு ஓரம் கத்திபோல் தூக்கிக்கொண்டிருந்தது. சக்கரத்தின் ரப்பரில் மயிரிழை போல ஒரு வெட்டு விழுந்திருந்தது. இன்னும் பத்தாயிரம் சுற்று போயிருந்தால் ரப்பர் பாளம் பாளமாகப் பெயர்ந்திருக்கும். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அக்காவைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? கோயில் கதவு திறந்ததும் பார்ப்பார்களே, அப்படி. என் பார்வையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"எப்படிம்மா கேட்டுது?"

"மேல ஆள் படுத்திருந்தா கேட்டுத்தானே சார் ஆகணும்" என்றார் அக்கா.

போல்ட்டை முறுக்கி, வெட்டுப்பட்டதை எடுத்துவிட்டுக் கைவசம் இருந்த ஒன்றை மாட்டி, செவ்வாய் மூன்று மணிக்கு மறுபடி ஓடவிட்டார். புதன், வியாழன், வெள்ளி. கரண்ட் போகவில்லை. நான் வராந்தாவில் படுத்து ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது சிமிட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். வெள்ளி மதியம் மூன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது டப்பாவில் எண்பதாயிரம் விழுந்தது. நான்கு சக்கரமும் முழுசாக இருந்தன.

மூன்றேகாலுக்குள் அதிகாரி சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டர் வழியாக டெண்டர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். "பாருங்க, சிறு பட்டறைப் பங்குக்கு உங்க பேர் மட்டும்தான் இருக்கு. ரெண்டாயிரத்து நானூறும் உங்களுக்குத்தாம்மா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அக்கா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு முன்னாடி இந்த மூணாவது கையில ஓடினது யார் யார் சக்கரம்?"

அதிகாரி எழுந்து போய்ப் பதிவேட்டை எடுத்து வந்தார். ஒன்றரை வருஷத்தில் ஐந்து பேர். ஒன்று பெரிய கம்பெனி, கெட்டி பிளாஸ்டிக் சக்கரம், பாஸ். மீதி நான்கும் எங்களைப் போன்ற சிறு பட்டறைகள், ரப்பர் சக்கரம். நான்குக்கும் ஒரே காரணம் அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. மூன்றாம் கை, ரப்பர் வெட்டு, தோல்வி.

அவர் பதிவேட்டை மூடவில்லை. "இது என் எந்திரம்மா" என்றார். "மூணு மாசத்துக்கு ஒருதடவை போல்ட்டைப் பார்க்கணும்னு இருக்கு. பார்க்கல."

"அப்ப அவங்க தோத்தது அவங்களால இல்ல."

"இதை நான் எழுதினா என்மேல நடவடிக்கை வரும். அது இருக்கட்டும். நாலு பேருக்கும் மறுசோதனைன்னா கெடுவைத் தள்ளி வைக்கச் சொல்லணும். அவங்க பாஸானா உங்க பங்கு குறையும். நாலு பேருமே வந்தா அஞ்சுல ஒண்ணுதான் உங்களுக்கு. புரியுதாம்மா?"

ஐந்தில் ஒன்று என்றால் நானூற்று எண்பது. அதில் ஆறு பேர் கொண்ட பட்டறை தாங்காது. எனக்கே அந்தக் கணக்கு ஒரு நொடியில் வந்துவிட்டது, அக்காவுக்கு வராமல் இருக்குமா? சுவர்க் கடிகாரத்தில் மூன்றே முக்கால்.

"அஞ்சு மணிக்குள்ள எழுதுங்க சார்" என்றார் அக்கா. "அதுக்கப்புறம் எழுதினா அது வெறும் வருத்தக் கடுதாசி."

அவர் எழுதினார். ஒரு அரசாங்க அதிகாரி தன் தப்பைத் தன் கையாலேயே எழுதி, கீழே பேர் போட்டு, முத்திரையும் குத்துவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினார். 'கவனக்குறைவு' என்று எழுதுமுன் பேனா கொஞ்ச நேரம் நின்றது. எழுதிவிட்டது. நாலரைக்கு அனுப்பினார். நாலே முக்காலுக்கு டெண்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கெடு இருபது நாள் தள்ளி வைக்கப்படுகிறது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன்க்கா?"

"ரெண்டாயிரத்து நானூறும் நேரத்துக்கு நம்மால குடுக்க முடியாது தம்பி. என் நாத்தனார் ரெண்டு ஷிப்ட்னு சொல்லுவா. பிரஸ் ஒண்ணுதானே இருக்கு? குடுக்க முடியலன்னா மிச்சம் பெரிய கம்பெனிக்குப் போயிடும், அதுவும் விதிதான்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "இது ஒரு காரணம்."

இன்னொரு காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை.

ஷெட்டில் விஷயம் தெரிந்ததும் நாத்தனார் பிரஸ்ஸை நிறுத்திவிட்டார். "காசு குடுத்துச் சூனியம் வெச்சுக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நாலு மணி நேரம் பஸ்ல போய் வெச்சுக்கிட்டு வந்ததை இப்பத்தான் பார்க்கறேன். அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும். போன்ல சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு."

"ஜாடிக்கேத்த மூடி" என்று நாத்தனார் பிரஸ்ஸைப் போட்டார். ஆனால் அந்த இருபது நாளும் அவர்தான் முதலில் வந்து கடைசியில் போனார். என்னோடு மட்டும் பேசவில்லை. அக்காவிடம் காட்ட முடியாத கோபத்துக்கு ஒரு ஆள் வேண்டுமே.

நான்கு பட்டறைக்கும் கடிதம் போனது. ஒன்று எப்போதோ மூடி, எந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டது. ஒன்று வேறு தொழிலுக்குப் போய்விட்டது, திரும்ப விருப்பமில்லை என்று எழுதியது. இரண்டு பட்டறைகள் வந்தன. இரண்டும் பாஸாயின. பதினெட்டாம் நாள் அதிகாரியே போன் செய்து சொன்னார். அவருக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்தியிருந்தார்கள். அதையும் சொன்னார், வெயில் எப்படி என்று சொல்வதுபோல.

இரண்டாயிரத்து நானூறு மூன்றாகப் பிரிந்தது. ஆளுக்கு எண்ணூறு. அக்கா ஆர்டர் தாளை மேசைமேல் வைத்துக் கையால் நீவிவிட்டார். நாத்தனார் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "ஷெட் நிக்கும்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு என்னிடமும் பேசினார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெரியவர் எட்டாவது ஷெட்டைத் தேடிக்கொண்டு வந்தார். பாஸான இரண்டு பட்டறைகளில் ஒன்று அவருடையது. சோதனையில் தோற்ற பிறகு பட்டறையைப் பூட்டிவிட்டு, ஒரு குடோனில் காவலுக்குப் போயிருந்தாராம். இப்போதுதான் பூட்டைத் திறந்தாராம். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து ரப்பர் கிழிந்த ஒரு சக்கரத்தை எடுத்து, அக்காவிடம் கொடுத்தார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மூன்றாம் கையில் விழுந்த சக்கரம். அதைத் தூக்கிப் போடாமல் வீட்டு அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றிவிட்டுக் காதருகே கொண்டுபோனார். வெட்டுக்குள் கட்டைவிரலை விட்டுப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ரப்பர் இரும்போடு அப்படி ஒட்டியிருந்தது, பிரித்தெடுக்க உளி வேண்டும். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். பிரஸ்ஸில் இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள்.

"நல்ல சக்கரம்" என்றார் அக்கா.

பெரியவர் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

பிறகு அக்கா கேட்டார். "ரப்பர் எங்க வாங்கறீங்க?"

பெரியவர் நிமிர்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் முறையாகச் சிரித்தார்.

"அத மட்டும் சொல்ல மாட்டேன்மா" என்றார். "அடுத்த டெண்டர்ல நீங்களும் நிப்பீங்கல்ல?"